புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் ஆகியும் சிறுநீர் கசிகிறது, இன்னும் எவ்வளவு நாள் பொறுப்பது?

தம்பி, நீங்கள் எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடுவோம். அப்பாவுக்கு 67 வயது, தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார். புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியை முழுதாக எடுத்து எட்டு மாதம் ஆகிறது. பிஎஸ்ஏ, அதாவது இந்தப் புற்றுநோயைக் கண்காணிக்கும் ரத்தப் பரிசோதனை அளவு, நன்றாக இறங்கிவிட்டது. ஆனால் ஒரு நாளைக்கு மூன்று பேட் மாற்றுகிறார், இருமினாலும் தும்மினாலும் நாற்காலியிலிருந்து எழுந்தாலும் போகிறது, படுத்தால் அவ்வளவாக இல்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார், இந்தத் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க மாட்டேன் என்கிறார். கேட்டால் "வயசாச்சு, உயிரோட இருக்கேன், அது போதும்" என்கிறார். பயிற்சி செய்தார், பலன் இல்லை. டாக்டர் பொறுங்கள் என்கிறார். இதற்கு மேல் வழி ஏதாவது உண்டா, இல்லை இப்படியே இருக்க வேண்டியதுதானா என்று கேட்கிறீர்கள்.

நான் டர்பனில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன், இந்த ஆபரேஷன் முடிந்து வரும் ஆண்களோடுதான் என் வேலையில் பெரும்பகுதி. நேராகச் சொல்கிறேன். இது வயசால் வந்தது இல்லை, ஆபரேஷனால் வந்தது. இப்படியே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. டாக்டர் பொறுங்கள் என்று சொன்னது தப்பில்லை, ஆனால் அந்தப் பொறுமைக்கு ஒரு கெடு உண்டு, அதைத்தான் பெரும்பாலும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஆபரேஷன் முடிந்த முதல் ஆறு மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதன் பிறகு 12 மாதம் வரை மெதுவாகத் தொடரும், அதையும் தாண்டித் தானாகவே பெரிதாகச் சரியாவது குறைவு. அமெரிக்க யூராலஜி (சிறுநீர்ப்பாதை மருத்துவ) சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது: பயிற்சி எல்லாம் செய்தும் தொந்தரவான கசிவு இருந்தால் ஆறு மாதத்திலேயே அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம், ஒரு வருஷம் ஆகியும் இருந்தால் அந்த வழியை நோயாளிக்குச் சொல்லியே ஆக வேண்டும். அப்பா எட்டாவது மாதத்தில் இருக்கிறார். ஆகவே இப்போது செய்ய வேண்டியது இரண்டு: மிச்சமிருக்கும் மாதங்களில் பயிற்சியைச் சரியாகச் செய்வது, அதோடு அடுத்த கட்டத்துக்கான பேச்சை இன்றே தொடங்கிவிடுவது.

ஏன் கசிகிறது என்பது அப்பாவுக்குப் புரிந்தால் பாதி வெட்கம் போய்விடும், அதனால் அதைக் கொஞ்சம் சொல்கிறேன். சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி இருப்பது புராஸ்டேட். சிறுநீரைப் பிடித்து வைக்க ஆண்களுக்கு இரண்டு தசைகள் உண்டு. சிறுநீர்ப்பையின் கழுத்தில் இருப்பது நாம் நினைக்காமலே தானாக மூடிக்கொண்டிருக்கும், அடக்கிக்கொள்வது என்று நாம் சொல்கிறோமே, அதைச் செய்வது புராஸ்டேட்டுக்குக் கீழே இருக்கும் வெளிச் சுருக்குத்தசை. சுரப்பியை எடுக்கும்போது மேலே இருக்கும் தசையும் பெரும்பாலும் கூடவே போய்விடுகிறது. அதுவரை இரண்டும் சேர்ந்து பார்த்த வேலை முழுவதும் கீழே இருக்கும் தசையின் மேல் விழுகிறது. அந்தத் தசையும் அதற்குப் போகும் நரம்புகளும் ஆபரேஷனில் கொஞ்சம் அடிபட்டிருக்கலாம், ரொம்பக் கைதேர்ந்த சர்ஜன் செய்தாலும், ரோபோ வைத்துச் செய்தாலும் இது நடக்கும். படுத்திருக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் குறைவு, அதனால் இரவில் காய்ந்திருக்கிறார். எழுந்தால், இருமினால், பை தூக்கினால் அழுத்தம் திடீரென்று ஏறுகிறது, தசை அதைத் தாங்காமல் விட்டுவிடுகிறது. சாயங்காலம் ஆக ஆக அதிகமாகிறது என்றால் அந்தத் தசை களைத்துவிட்டது என்று பொருள். இரவில் காய்ந்திருப்பது நல்ல அடையாளம், தசை முழுக்கச் செத்துவிடவில்லை என்று காட்டுகிறது.

ஆனால் எல்லாக் கசிவும் இந்த வகை இல்லை, இதைப் பிரித்துப் பார்க்காமல் வைத்தியம் செய்வதுதான் நான் அதிகம் பார்க்கும் கோளாறு. திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, பாத்ரூம் கதவைத் தொடுவதற்குள் போய்விட்டால் அது சிறுநீர்ப்பை அடங்காமல் துடிப்பதால் வருவது, அதற்கு வேறு மருந்து. சிறுநீர் கழித்துவிட்டு ஜிப்பைப் போட்ட பிறகு நாலு சொட்டு விழுந்தால் அது குழாயின் வளைவில் தங்கியது மட்டும்தான். விதைப்பைக்குப் பின்னால் விரலை வைத்து முன்பக்கமாக மெதுவாகத் தள்ளி வடித்துவிட்டால் சரியாகிவிடும். மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. ஓட்டம் மெலிந்து, முக்கிக் கழித்து, எப்போதும் முழுதாகக் காலியாகாத உணர்வோடு சொட்டிக்கொண்டே இருந்தால், சிறுநீர்ப்பையும் குழாயும் தைத்துச் சேர்த்த இடத்தில் தழும்பு விழுந்து சுருங்கியிருக்கலாம். சிறுநீர்ப்பை நிரம்பி வழிகிறது, வெளியே பார்ப்பவருக்கு அதுவும் கசிவுதான். இவருக்குப் பயிற்சி எவ்வளவு செய்தாலும் பிரயோஜனம் இல்லை. கழித்த பிறகு உள்ளே எவ்வளவு மிச்சம் என்று ஒரு சின்ன ஸ்கேனில் பார்த்துவிடலாம், தேவைப்பட்டால் கேமரா விட்டுப் பார்ப்பார்கள். அப்பாவுக்கு இந்த ஸ்கேனும் சிறுநீர்ப் பரிசோதனையும் ஆகிவிட்டதா என்று கேளுங்கள். சாதாரண மூத்திரத் தொற்றே கசிவைக் கூட்டிவிடும்.

இப்போது பயிற்சிக்கு வருகிறேன். "செய்தார், பலன் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிச் செய்தார் என்பதுதான் என் கேள்வி. ஆஸ்பத்திரியில் ஒரு தாளைக் கொடுத்து "கீகல் பயிற்சி செய்யுங்கள்" என்று அனுப்பிவிடுவது வழக்கம். அர்னால்டு கீகல் என்ற அமெரிக்கப் பெண்கள் நல மருத்துவர் 1948-ல் இதை எழுதியது பிரசவமான பெண்களுக்காக. ஆணின் உடம்பில் குறிவைக்க வேண்டிய இடம் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. மலம் வராமல் அடக்குவது போல் பின்பக்கத்தை இறுக்கினால் அங்கே இருக்கும் தசைதான் பலமாகும், சிறுநீர்க்குழாயைச் சுற்றியிருப்பது சும்மா இருக்கும். ஆண்களுக்குச் சொல்ல வேண்டியது இது: ஆமை தலையை ஓட்டுக்குள் இழுப்பதுபோல் ஆணுறுப்பை உள்ளே இழுத்துக் குட்டையாக்குங்கள், அதோடு விதைகளை மேலே தூக்குங்கள். கண்ணாடி முன் வேட்டியில்லாமல் நின்று பார்த்தால் தெரியும், உறுப்பின் அடிப்பகுதி உள்ளே போகும், விதைகள் லேசாக மேலேறும். புட்டம் இறுகினாலோ, தொடை நடுங்கினாலோ, வயிறு முன்னால் தள்ளினாலோ, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாலோ அது தப்பு. மூச்சைப் பிடித்து முக்குகிறவருக்கு அழுத்தம் கீழே இறங்கிக் கசிவு கூடத்தான் செய்யும்.

சரியாகப் பிடிபட்ட பிறகு ஒரு தடவைக்குப் பத்து இறுக்கம், ஒவ்வொன்றையும் முடிந்த அளவு பிடித்து, ஆரம்பத்தில் மூன்று விநாடி போதும், போகப் போகப் பத்து விநாடி, நடுவில் அதே அளவு முழுத் தளர்வு. அதன் பிறகு சட்சட்டென்று பத்துச் சின்ன இறுக்கம். இப்படி ஒரு நாளைக்கு மூன்று வேளை. முதலில் படுத்து, பிறகு உட்கார்ந்து, கடைசியில் நின்று. நின்று செய்யாமல் விட்டால் பாதி வேலைதான் ஆகும், அவருக்குக் கசிவது நிற்கும்போதுதானே. நாள் முழுக்க இறுக்கிக்கொண்டே திரிகிற ஆர்வக்காரர்களும் உண்டு, அவர்களுக்குத் தசை களைத்துச் சாயங்காலம் கொட்டும், அளவோடு செய்யச் சொல்லுங்கள். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதைத் தினசரிப் பயிற்சியாக வைத்துக்கொள்ள வேண்டாம், இடம் எது என்று கண்டுபிடிக்க ஒரு தடவை செய்து பார்த்தால் போதும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பயிற்சி நேரத்தில் மட்டும் இறுக்கிப் பயனில்லை, தேவைப்படும் நொடியில் இறுக்கத் தெரிய வேண்டும். இருமல் வரப்போகிறது என்று தெரிந்த கணத்தில், நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன்னால், காரிலிருந்து இறங்க ஒரு காலை வெளியே வைப்பதற்கு முன்னால், அரிசி மூட்டையைத் தூக்குவதற்கு முன்னால், முதலில் இழுத்துப் பிடி, அப்புறம் அசை. சில வாரம் பழகினால் உடம்பு தானாகவே செய்ய ஆரம்பித்துவிடும். நான் பார்த்தவரை நாளுக்கு இரண்டு மூன்று பேட் வைப்பவர்களுக்கு அதிகம் உதவுவது இந்த ஒரு பழக்கம்தான்.

பயிற்சியை மந்திரம் என்று சொல்லவும் மாட்டேன். 2011-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், ஆபரேஷன் ஆகி ஆறு வாரத்தில் கசிவு இருந்த ஆண்களை எடுத்து, பாதிப் பேருக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்தார்கள், பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஒரு வருஷ முடிவில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நிலைதான், முக்கால்வாசிப் பேர் ஏதோ கொஞ்சமாவது கசிவதாகச் சொன்னார்கள். வேறு ஆய்வுகளில் பயிற்சி செய்தவர்கள் சீக்கிரம் தேறியதாக வந்திருக்கிறது. என் கருத்து இதுதான்: பயிற்சி, தேறக்கூடிய தசையைச் சீக்கிரம் தேற்றும், கெட்டுப்போன தசையை அதனால் புதிதாக உண்டாக்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன், ஆறேழு வாரம் சரியான முறையில், கூட இருந்து கற்றுக்கொடுக்கும் ஒரு பிசியோவிடம் செய்தும் பேட் எண்ணிக்கை அசையவில்லை என்றால், "நீங்கள் ஒழுங்காகச் செய்யவில்லை" என்று அப்பா மேல் பழியைப் போடாதீர்கள். அவர் குற்றம் அதில் ஒன்றும் இல்லை.

பிசியோ எல்லோருமே இந்த வேலை தெரிந்தவர்கள் இல்லை, முதுகுவலியும் முழங்காலும் பார்ப்பவர்கள்தான் அதிகம். போன் செய்யும்போதே "புராஸ்டேட் ஆபரேஷன் ஆன ஆண்களுக்கு இடுப்புத்தளப் பயிற்சி கொடுப்பீர்களா" என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்தது, வீட்டிலேயே சரிசெய்யக்கூடியவை. இதில் முதலில் நான் பார்ப்பது அப்பாவின் மாத்திரைப் பெட்டியைத்தான். நம் ஊரில் இந்தியர் வீடுகளில் சர்க்கரையும் பிரஷரும் இல்லாத பெரியவர் அபூர்வம். எனலாப்ரில், பெரின்டோப்ரில் மாதிரி பிரஷர் மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும், ஒவ்வொரு இருமலுக்கும் ஒரு கசிவு. ஃபுரோசிமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு சிறுநீரை அதிகமாக்கும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற புதிய சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாகத்தான் வெளியே தள்ளுகின்றன, அதனால் சிறுநீரும் கூடும். ஆபரேஷனுக்கு முன்னால் புராஸ்டேட் வீக்கத்துக்காகக் கொடுத்த டாம்சுலோசினையோ டாக்சசோசினையோ பழைய சீட்டை வைத்தே வாங்கி இன்னமும் போட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு, அது சிறுநீர்ப்பைக் கழுத்தைத் தளர்த்தும் மருந்து. டாக்சசோசின் பிரஷருக்கும் கொடுக்கப்படுகிறது. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், ஆனால் முழுப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு போய் "இதில் எது கசிவைக் கூட்டும், மாற்ற முடியுமா" என்று டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் அதுவே சிறுநீரைப் பெருக்கும்.

தண்ணீரைக் குறைப்பதுதான் எல்லோரும் முதலில் செய்யும் காரியம். டர்பன் வெயிலிலும் புழுக்கத்திலும் அது ஆபத்து, சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை எரிச்சல்படுத்தும், மலச்சிக்கலும் வரும், முக்கி முக்கி அந்தத் தசையே இன்னும் நைந்துபோகும். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ டாக்டர் அளவு சொல்லியிருந்தால் தவிர, நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் பிரித்துப் பிரித்துக் குடிக்கட்டும், இரவு படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு குறைத்துக்கொள்ளட்டும். காபி, கடுந்தேநீர், கோலா, பீர், பிராண்டி எல்லாம் கசிவைக் கூட்டும். டீ இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு இந்த நாட்டிலேயே விளையும் ரூயிபோஸ் இருக்கிறது, அதில் காஃபீன் கிடையாது, பால் சர்க்கரை சேர்த்தும் நன்றாகத்தான் இருக்கும். சிகரெட் இருந்தால் விடச் சொல்லுங்கள், அந்த இருமல் ஒன்றே போதும். வயிறு பெரிதாக இருந்தால் சில கிலோ குறைந்தாலும் கீழே விழும் பாரம் குறையும்.

ஊரிலிருந்து யாராவது நெருஞ்சில், நீர்முள்ளி, சிறுகண்பீளை என்று பொடி அனுப்பியிருப்பார்கள், அன்போடுதான் அனுப்புகிறார்கள். அவை எல்லாம் சிறுநீர் நன்றாகப் பிரிவதற்காக வழிவழியாகக் கொடுத்து வருபவை. அப்பாவின் பிரச்சினை சிறுநீர் பிரியாதது இல்லை, நிற்காதது.

பேட் விஷயத்தில் பணத்தை வீணாக்காதீர்கள். பெண்களுக்கான பேட் ஆணுக்கு ஒத்துவராது, ஈரம் விழும் இடமே வேறு. டிஸ்-கெம், க்ளிக்ஸ் மருந்துக்கடைகளில் ஆண்களுக்கென்றே முன்பக்கம் அகலமான வடிவில் கிடைக்கும், இறுக்கமான உள்ளாடையோடு போட வேண்டும், தொளதொளவென்ற உள்ளாடையில் வைத்தால் ஓரத்தில் வழியும். தோலைக் கவனியுங்கள், ஈரத்தோடு விட்டால் இரண்டே நாளில் புண்ணாகிவிடும். கழுவி, ஒற்றித் துடைத்து, துத்தநாகக் களிம்பை மெல்லிசாகப் பூசினால் போதும், வாசலினை அப்பினால் பேட் உறிஞ்சாது. கல்யாணம், நீண்ட பஸ் பயணம் என்று போகும்போது ஆணுறை வடிவில் உறுப்பின் மேல் மாட்டி, காலில் கட்டிய பையோடு இணைக்கும் உறைக் கதீட்டர் இருக்கிறது, பலருக்கு அது தெரியாமலே வீட்டில் முடங்கிவிடுகிறார்கள். உறுப்பை மெதுவாக அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப்பும் உண்டு, ஆனால் அதை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கழற்ற வேண்டும், தூங்கும்போது போடக்கூடாது, உறுப்பில் உணர்ச்சி குறைந்த சர்க்கரைக்காரருக்கும் ஞாபக மறதி உள்ளவருக்கும் வேண்டவே வேண்டாம்.

காவடி பற்றி எழுதியிருந்தீர்கள். நேர்த்திக்கடன் அவருக்கும் முருகனுக்கும் நடுவில் உள்ளது, அதில் நான் தலையிட மாட்டேன். உடம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தோளில் காவடி வைத்து நடப்பதற்கு எட்டு மாதம் ஆன உடம்பில் பொதுவாகத் தடை இல்லை, சர்ஜனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். வேட்டிக்குள் உறைக் கதீட்டரும் காலில் பையும் இருந்தால் யாருக்கும் தெரியாது, துணியும் நனையாது. முதுகில் கொக்கி போட்டுத் தேர் இழுப்பது வேறு, அது வயிற்றுக்குள் பெரிய அழுத்தத்தை உண்டாக்கும், இந்த வருஷம் அதைத் தவிர்க்கச் சொல்வேன். கசிவதால் கோயிலுக்குப் போகும் சுத்தம் தனக்கு இல்லை என்று அவர் நினைக்கிறார் என்றால், அதை நீங்கள் வாதாடி ஜெயிக்க முடியாது, அவர் மதிக்கும் குருக்களோ அவர் வயதுள்ள ஒரு நண்பரோ பேசட்டும். ஆபரேஷன் காயத்தில் ரத்தம் வந்தால் அதை நோய் என்கிறோம், யாரும் தீட்டு என்று ஒதுக்குவதில்லை. இதுவும் அதே ஆபரேஷனின் மிச்சம்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், மகனிடம் அப்பா இதைச் சொல்லவே மாட்டார். தாம்பத்திய நேரத்திலும், உச்சத்திலும் சிறுநீர் கசிவது இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கும் நடப்பது. அதனாலேயே தனியறைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும் ஆண்களைப் பார்க்கிறேன், அம்மாக்கள் காரணம் புரியாமல் மனசுக்குள் வைத்துப் புழுங்குகிறார்கள். உறவுக்கு முன் சிறுநீர் கழித்துவிடுவது, ஆணுறை போடுவது என்று எளிய வழிகளே பாதிக்கு மேல் தீர்க்கும். டாக்டர் அறையில் நீங்கள் கொஞ்ச நேரம் வெளியே போய் அவரைத் தனியாக விடுங்கள், அப்போதுதான் கேட்பார்.

மாத்திரை உண்டா என்றால், துடிக்கும் சிறுநீர்ப்பைக்கு உண்டு. சோலிஃபெனாசின், மிராபெக்ரான் போன்றவை. பழைய ஆக்சிபியூட்டினின் வயதானவர்களுக்கு வாய் வறட்சி, மலச்சிக்கல், சில சமயம் மனக்குழப்பமும் கொடுக்கும், அதனால் அதில் எனக்கு விருப்பம் இல்லை. அப்பாவுக்கு இருப்பது போன்ற அழுத்தக் கசிவுக்கு டுலாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்து ஓரளவு உதவும், ஆனால் குமட்டலும் களைப்பும் தாங்காமல் நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம், திடீரென்று நிறுத்தவும் கூடாது. தேறும் காலத்தில் தற்காலிக உதவி என்ற அளவில் டாக்டர் நினைத்தால் பார்க்கலாம்.

இனி ஆபரேஷன். இதில் நிதானமாகப் படியுங்கள், "இன்னொரு ஆபரேஷனா" என்று பயந்துதான் பலர் வருஷக்கணக்கில் பேட்டோடு இருந்துவிடுகிறார்கள். முக்கியமாக இரண்டு வழி. ஒன்று ஸ்லிங், விதைப்பைக்குப் பின்னால் சிறிதாகக் கீறி, ஒரு வலைப்பட்டையைச் சிறுநீர்க்குழாய்க்கு அடியில் வைத்துக் குழாயைச் சரியான இடத்துக்குத் தூக்கிப் பிடிப்பது. நோயாளி எதையும் இயக்க வேண்டியதில்லை. கசிவு குறைவாகவோ நடுத்தரமாகவோ இருந்து, சொந்தத் தசை கொஞ்சமாவது வேலை செய்கிறவர்களுக்கு ஏற்றது. கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கும் கொட்டுகிறவர்களுக்கும் அவ்வளவாகப் பலிக்காது. போட்ட பிறகு ஆறு வாரம் போலக் குந்துவதும் பாரம் தூக்குவதும் கூடாது.

இரண்டாவது செயற்கைச் சுருக்குத்தசை. 1970-களின் தொடக்கத்தில் பிரான்ட்லி ஸ்காட் என்ற அமெரிக்க யூராலஜிஸ்ட் முதலில் பொருத்தியது, இப்போது பரவலாக இருப்பது ஏஎம்எஸ் 800 என்ற மாடல். சிறுநீர்க்குழாயைச் சுற்றி ஒரு சிலிகோன் வளையம், அடிவயிற்றுக்குள் ஒரு சின்ன பலூன், விதைப்பைக்குள் ஒரு பம்ப், மூன்றுக்கும் நடுவே திரவம். வளையம் நிரம்பிக் குழாயை மூடியே வைத்திருக்கும். சிறுநீர் கழிக்க வேண்டும் என்றால் விதைப்பையில் இருக்கும் பம்ப்பை விரலால் சில தடவை அமுக்க வேண்டும், திரவம் பலூனுக்குப் போய் வளையம் தளரும், அமுக்கிய இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் தானாக நிரம்பி மூடிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. பொருத்தியவுடன் அதை இயக்கமாட்டார்கள், புண் ஆற ஆறு வாரம் விட்டு, பிறகு கிளினிக்கில் திறந்துவிட்டுப் பழக்கிக்கொடுப்பார்கள், அந்த ஆறு வாரமும் பழையபடி கசியும், பயந்துவிடக் கூடாது. கசிவு அதிகமாக இருப்பவர்களுக்கு இன்றுவரை இதைவிட நம்பகமான வழி இல்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தொற்று வந்தால் முழுதாக எடுத்துவிட வேண்டியிருக்கும், வளையம் குழாயை அரித்துவிடலாம். எந்திரம் என்பதால் ஆயுளும் உண்டு, அதே அமெரிக்க வழிகாட்டுதல் சொல்லும் கணக்கில் ஐந்து வருஷத்தில் நாலில் ஒருவருக்கும் பத்து வருஷத்தில் பாதிப் பேருக்கும் மறுபடி ஆபரேஷன் தேவைப்படுகிறது. விரலில் வலு வேண்டும், கடுமையான மூட்டுவாதமோ நடுக்கமோ மறதி நோயோ இருந்தால் யோசிக்க வேண்டும். "சொட்டுகூட வராது" என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். பிரிட்டனில் ஸ்லிங்கையும் செயற்கைத் தசையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்து 2021-ல் வெளிவந்த ஆய்வில், ஒரு வருஷம் கழித்து இரண்டு பக்கமும் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் கொஞ்சமாவது கசிவதாகத்தான் சொன்னார்கள், ஆனால் இரண்டு பக்கமுமே முன்னால் இருந்ததைவிட மிகவும் குறைந்திருந்தது, பெரும்பாலானோர் திருப்தியாக இருந்தார்கள், அந்தத் திருப்தி செயற்கைத் தசை வைத்தவர்களிடம் இன்னும் கூடுதல். நாளுக்கு ஒரு மெல்லிய பேட், அதுவும் ஜாக்கிரதைக்காக, என்ற நிலைக்கு வந்துவிட்டாலே மனிதர் மறுபடி வெளியே நடமாட ஆரம்பித்துவிடுவார்.

செயற்கைத் தசை வைத்தால் ஒன்றை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். வேறு எந்த நோய்க்காக எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், அந்த வளையத்தைத் தளர்த்தி நிறுத்தாமல் சிறுநீர்க்குழாய்க்குள் விடும் கதீட்டரைப் போடக் கூடாது. போட்டால் குழாய் கிழிந்துவிடலாம். மயக்கத்தில் இருக்கும்போது அவரால் சொல்ல முடியாது, அதனால் கையில் மருத்துவ எச்சரிக்கை வளையல், பர்ஸில் கார்டு, இரண்டும் இருக்கட்டும்.

அப்பாவுக்கு இனிமேல் கதிர்வீச்சு தேவைப்படலாம் என்று பேச்சு இருந்தால் அதை யூராலஜிஸ்டிடமும் கதிர்வீச்சு மருத்துவரிடமும் சேர்த்துக் கேளுங்கள். கதிர்வீச்சு அந்த இடத்துத் திசுவை இறுக வைத்துவிடும், எந்த வழி, எப்போது என்பது அதனால் மாறும். புற்றுநோய் வைத்தியம்தான் முதல், கசிவு அதற்கு அடுத்துதான்.

எங்கே போவது? மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இருந்தால், புராஸ்டேட்டை எடுத்த சர்ஜனிடமே "நீங்கள் செயற்கைச் சுருக்குத்தசை வைப்பது வழக்கமா, இல்லையென்றால் யாரிடம் அனுப்புவீர்கள்" என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். நல்ல சர்ஜன் இதற்குக் கோபப்பட மாட்டார். உடலுக்குள் வைக்கும் கருவிகளுக்கு மெடிக்கல் எய்டுகளில் பொதுவாக ஒரு உச்சவரம்பு இருக்கும், முன்அனுமதிக்கு டாக்டரின் விளக்கக் கடிதம் வேண்டும், அதில் இது புற்றுநோய்ச் சிகிச்சையின் விளைவு என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். மறுத்துவிட்டால் அதோடு விட்டுவிடாமல் மெடிக்கல் எய்டுகளை மேற்பார்க்கும் அரசு அமைப்பான கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸில் புகார் கொடுக்கலாம். மெடிக்கல் எய்ட் இல்லையென்றால் ஆர்.கே. கான் மருத்துவமனை வழியாக யூராலஜிக்குக் கடிதம் வாங்குங்கள், பெரிய சிகிச்சைகள் கேட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனையில் நடக்கும். அங்கே வரிசை நீளம், அதனால்தான் பன்னிரண்டாவது மாதம் வரட்டும் என்று காத்திராமல் இப்போதே பெயரைக் கொடுக்கச் சொல்கிறேன். அதற்குள் தேறிவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். மூன்று நாள் ஒரு நோட்டில் எப்போது, எவ்வளவு குடித்தார், எத்தனை மணிக்குக் கழித்தார், எப்போது கசிந்தது என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு நாள் முழுக்கப் பயன்படுத்திய பேட்களை மூடிய பிளாஸ்டிக் பையில் போட்டு எடை பாருங்கள், அதே எண்ணிக்கைப் புதுப் பேட்களின் எடையையும் பையின் எடையையும் கழித்துவிடுங்கள். ஒரு கிராம் என்பது ஏறக்குறைய ஒரு மில்லி. "மூன்று பேட்" என்பது ஒருவருக்கு 60 கிராமாக இருக்கும், இன்னொருவருக்கு 600 ஆக இருக்கும், ஸ்லிங்கா செயற்கைத் தசையா என்று முடிவு செய்ய அந்த எண் ரொம்பவும் உதவும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எடுத்தால் பயிற்சி வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும், அப்பாவுக்கும் கண்ணால் பார்க்க ஒரு கணக்கு கிடைக்கும்.

இதற்கு நடுவில் சிறுநீரே வராமல் அடைத்துக்கொண்டாலோ, ரத்தம் கட்டியாக வந்தாலோ, குளிர் காய்ச்சலோடு எரிச்சல் இருந்தாலோ, முதுகுவலியோடு கால் பலமிழந்தாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை வைத்திருக்க வேண்டாம், அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.